திண்ணை கேட்டவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பொழுதில் கட்டடக்கலை மாணவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது விழாக் குழுவினர் சற்றே தயங்கினர். கவிதை பேசவேண்டிய மேடையில் செங்கல்லும் சிமெண்டும் எதற்கு என்பது அவர்கள் கேளாமல் கேட்ட கேள்வி. நாம் வறியவரைப் பற்றி எழுதுகிறோம். வறியவர்க்கென்று கட்டப் புறப்பட்ட மாணவர் சிலர் உண்டு. இரு திறத்தார்க்கும் நேர்கிற இடர்ப்பாடு ஒன்றே. பிறருடைய இல்லாமையைத் தம் கலைக்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறவர், அந்த இல்லாமைக்கு உரியவரிடம் எதனைத் திருப்பிக் கொடுக்கிறார்? கவிதையில் இக்கேள்வியை எழுப்பினால் நாம் சொற்களுக்குள் மறைந்துகொள்ள இடமுண்டு. கட்டடத்தில் அவ்வாறு மறைய இயலாது. கூரை ஒழுகினால் ஒழுகியதுதான். ஆகவேதான் அவர்களை இங்கு அழைத்து வந்தேன்.

'வீடு' என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும், விடுதலைப் பேற்றையும் குறிக்கும் என்பதிலிருந்து நான் தொடங்குவேன் என்று தமிழாசிரியர்கள் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். மேடைதோறும் சொல்லித் தேய்ந்த செய்தி அது. அதனை விடுத்து, நேரே ஓர் ஊருக்குச் செல்வோம்.

வட அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அதன் இடுப்பில் கட்டிய கச்சைபோல் குறுக்கே கிடக்கும் நிலப்பரப்பைப் 'பிளாக் பெல்ட்' என்பர். மண்ணின் கருமையால் வந்த பெயர். அந்த மண்ணில் பருத்தி விளைந்தது. பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். காலப்போக்கில் அப்பெயர் மண்ணைக் குறித்ததுபோலவே மக்களையும் குறிக்கலாயிற்று. கி.ராஜநாராயணனின் எழுத்து வழியாகக் கோவில்பட்டிக் கரிசலை அறிந்த நமக்கு இம்மண்ணின் குணம் அயலானது அன்று. மழை கண்டால் வீங்கும். வெயில் கண்டால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமின்றிப் போட்ட அடித்தளத்தை அசைத்துப் பார்க்காமல் விடாது. நீரை எளிதில் உள்வாங்காத களிமண் ஆதலால் செப்டிக் டேங்க் அமைத்தாலும் சரிவர வேலை செய்வதில்லை. கழிவுநீர் கொல்லையிலேயே தேங்கி நிற்கும் வீடுகள் இந்த நூற்றாண்டிலும் அப்பகுதியில் உண்டு. உலகின் மிகச் செல்வம் மிகுந்த நாட்டில் இந்நிலை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருமண் வலயத்தில் ஹேல் என்றொரு மாவட்டம். 1936ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டு இளைஞர்கள் இங்கு வந்தனர். ஒருவர் ஜேம்ஸ் ஏஜி என்னும் எழுத்தாளர். மற்றவர் வாக்கர் எவன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர். 'ஃபார்ச்சூன்' என்ற வணிக இதழ், பருத்தி பயிரிடும் வாரக் குடியானவர்களைப் பற்றி எழுதி வரும்படி அவர்களை அனுப்பியிருந்தது. மூன்று வெள்ளைக் குடும்பங்களோடு பழகி, அவர்கள் வீட்டில் தங்கி, உண்டு, உறங்கிச் சில வாரங்களைக் கழித்தனர். எழுதிக் கொடுத்ததை இதழ் வெளியிடவில்லை. 1941இல் அது 'லெட் அஸ் நவ் பிரெய்ஸ் ஃபேமஸ் மென்' என்னும் நூலாயிற்று. சில நூறு படிகளே விற்றன. ஏஜி 1955இல் இறந்தார். 1960இல் மறுபதிப்பு வந்த பின்னர்தான் அது பெருநூல் என்று போற்றப்பட்டது.

அந்நூலில் குடியிருப்பைப் பற்றி ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. பலகையின் வரியோட்டம், இடைவெளி வழியே புகும் ஒளி, அலமாரிக்குள் கிடப்பவை, சுவரில் ஒட்டிய தாள் என ஒன்றுவிடாமல் ஏஜி எண்ணி எழுதுகிறார். எழுதும்போதே தமக்கு அவற்றைப் பார்க்கும் உரிமை உண்டா என்று தம்மைத் தாமே நொந்துகொள்கிறார். பிறர் வறுமையை வேவு பார்க்க வந்தவன் தான் என்னும் குற்ற உணர்வு பக்கத்துக்குப் பக்கம் கொதிக்கிறது. ஒப்பிலக்கிய வகுப்பில் இதனைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் மாணவியர் நெகிழ்ந்துபோவர். நானும் நெகிழ்ந்ததுண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. குற்ற உணர்வு எழுதுகிறவருக்கு உதவுகிறது. நூலுக்கு ஆழம் தருகிறது. பலகை இடைவெளியில் புகுந்த குளிரை அது தடுத்ததில்லை. அரை நூற்றாண்டு கழித்து, டேல் மகாரிட்ஜ், மைக்கேல் வில்லியம்சன் என்னும் இருவர் அக்குடும்பங்களின் வழிவந்தோரைத் தேடிச்சென்று 1989இல் ஒரு நூல் வெளியிட்டனர். அது மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. தம் பெற்றோரின் கந்தலை உலகம் பார்த்ததை அந்தப் பிள்ளைகளில் எல்லாரும் பெருமையாகக் கொள்ளவில்லை என்பதை அதில் காணலாம். பரிசு மறுபடியும் எழுதியவர்க்குத்தான் போயிற்று என்பதும் சொல்லாமல் விளங்கும்.

இது எழுத்தாளர் வந்துபோன கதை. அதே மாவட்டத்திற்கு 57 ஆண்டுகள் கழித்துக் கட்டடக்கலை மாணவர்கள் வந்தனர். அவர்கள் வருவதற்குமுன் அவர்களுடைய துறையில் நிகழ்ந்த ஒரு சலசலப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1968. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், கருப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியை ஒட்டிய பொதுப்பூங்கா ஒன்றில் உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியது. மலைச்சரிவில் எழவிருந்த அக்கட்டடத்துக்கு இரண்டு வாயில்கள். மேலே பல்கலைக்கழகத்தார்க்கு ஒன்று. கீழே ஹார்லெம் மக்களுக்கு ஒன்று. ஒரு வரைபடத்தில் இரண்டு கதவுகளை எங்கு வைப்பது என்பதே சாதி வகுப்பதாகிவிடும் என்பதை நமக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் மாணவர் கிளர்ச்சி வெடித்தபோது, கட்டடக்கலை மாணவர்களும் தங்கள் துறைக் கட்டடமான ஏவரி ஹாலைக் கைப்பற்றி அமர்ந்தனர். காவல்துறை வந்தது, நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். திட்டம் கைவிடப்பட்டது. தோண்டிய பள்ளம் பின்னாளில் அந்தப் பூங்காவில் குளமாயிற்று. அதே ஆண்டு சூனில் போர்ட்லண்டில் கூடிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் மாநாட்டில், கருப்பின மக்களின் தலைவர்களுள் ஒருவரான விட்னி யங் அழைப்பின்பேரில் பேசினார். குடிமை உரிமைப் போராட்டத்தில் உங்கள் தொழிலாரின் பங்களிப்பு மௌனம் ஒன்றே என்னும் கருத்துப்பட முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கினார். இவ்வாறு அழைத்தவர்களையே சுடுகிற விருந்தினரை நம் விழாக்களுக்கும் ஆண்டுக்கு ஒருவரையாவது அழைக்கலாம்.

அந்த மௌனத்தை உள்ளூரிலேயே உணர்ந்தவர் சாமுவேல் மாக்பி. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் 1944இல் பிறந்த வெள்ளையர். பல தலைமுறையாகத் தென்பகுதியில் வேரூன்றிய குடும்பம். கருப்பர்க்கு ஒரு பள்ளி, வெள்ளையர்க்கு ஒரு பள்ளி என்று பிரிந்து கிடந்த ஊரில் வளர்ந்தார். அதே மெரிடியனில், அவரைவிட ஓராண்டு மூத்தவராக, ஜேம்ஸ் சேனி என்னும் கருப்பின இளைஞர் இருந்தார். கருப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்ததற்காக 1964இல் தோழர் இருவரோடு கொல்லப்பட்டவர். ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வயது. ஒருவர் இருப்பதை மற்றவர் அறிந்ததில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் சேனியின் கல்லறையைப் பார்த்தபோதுதான், தான் வாழ்ந்த நகரில் இருந்த வீரனைத் தான் அறியாமலே வளர்ந்தோம் என்பது தம்மைத் தாக்கியதாக மாக்பி கூறியிருக்கிறார். தேர்ந்த ஓவியரான அவர், செல்வர்களுக்கு அழகிய வீடுகள் கட்டிப் பெயர் பெற்றிருந்த நிலையில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1993இல் டி.கே.ரூத் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து 'ரூரல் ஸ்டுடியோ'வைத் தொடங்கினார். நாட்டுப்புறப் பயிற்சிக்களம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

ஏற்பாடு எளியது. வளாகத்திலிருந்து ஏறத்தாழ 150 மைல் தொலைவில் உள்ள ஹேல் மாவட்டத்தில் மாணவர்கள் போய்த் தங்க வேண்டும். இளையவர்கள் ஒரு பருவம். இறுதியாண்டினர் ஓராண்டு அல்லது அதற்கு மேல். காகிதத்தில் வரைந்து மதிப்பெண் வாங்கிப் போவது அங்கு இல்லை. எதை வரைகிறார்களோ அதைத் தம் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும். மாணவருள் பெரும்பாலோர் நடுத்தர வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். சுத்தியல் பிடித்தறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

முதல் வீட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பிளாக் வாரியர் ஆற்றின் வளைவில் மேசன்ஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளைத்து வாழும் கருப்பினக் குடியிருப்பு. அங்கு முதிய கணவனும் மனைவியும் பேரப்பிள்ளைகளோடு ஓட்டைக் குடிசை ஒன்றில் வாழ்ந்தனர். தண்ணீர்க் குழாய் இல்லை, குளிருக்குத் தடுப்பில்லை. அரசுத் திட்டமாயிருந்தால் இவ்வளவு சதுர அடி, இத்தனை சன்னல் என்று அச்சிட்ட வரைபடத்தோடு ஒப்பந்தக்காரர் வந்து இறங்கியிருப்பார். மாணவர்களோ அந்த முதியவர்களின் எதிரில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டனர். வரைந்து காட்டினர். திருத்தம் கேட்டு மீண்டும் வரைந்தனர். 'வாடிக்கையாளர்' என்னும் சொல்லை, பணம் கொடுக்கும் செல்வர்க்கே உரிய அச்சொல்லை, இம்முதியவர்க்கும் வழங்க வேண்டுமென்று மாக்பி வற்புறுத்தினார். சொல் மாறினால் உடலின் நிற்புநிலையே மாறுகிறது. பயனாளி முன் நாம் நிமிர்ந்து நிற்போம். வாடிக்கையாளர் முன் சற்றுக் குனிவோம்.

அந்த வீட்டின் உயிர் அதன் முன்புறத் திண்ணை. ஆங்கிலத்தில் 'போர்ச்' என்பர். அங்கு நாற்காலி போட்டு அமர்கின்றனர், நாம் திண்டில் சாய்கிறோம். செய்கிற வேலை ஒன்றே. வருவோர் போவோரைப் பார்க்க, அழைத்துப் பேச, மாலைக் காற்று வாங்க, வெயிலுக்கு ஒதுங்கியவருக்கு இடம் தர ஓர் இடம். 1994இல் முடிந்த அவ்வீட்டில் மஞ்சள் தூண்கள் தாங்கும் அகன்ற திண்ணை, ஒளி ஊடுருவும் கூரையோடு வீட்டின் முகமாகவே நிற்கிறது. நம் நாட்டில் ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை வீடுகளில் திண்ணை உண்டு? சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். படுக்க இடம், சமைக்க இடம் போதும், அண்டை அயலாரோடு பேசும் தேவை ஏழைக்கு எதற்கு என்பது அந்த வெட்டின் பொருள். பேச்சு ஏழைக்கு ஆடம்பரம் என்று ஒரு பொறியாளர் வாய்விட்டுச் சொல்வதில்லை, வரைபடம் சொல்லிவிடுகிறது.

சுவர்கள் வைக்கோல் கட்டுகளால் ஆனவை. கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கிக் காரை பூசினர். தடித்த சுவர் ஆதலால் வெயிலும் குளிரும் உள்ளே எளிதில் புகுவதில்லை. பின்புறத்தில் பேரப்பிள்ளைகளுக்கென்று வளைகூரையோடு கூடிய மூன்று சிறு மாடங்கள். ஒரு கட்டில், ஒரு மேசை கொள்ளும் அளவு. பக்கத்தில், முதியவர் மீனும் இறைச்சியும் புகையூட்ட ஒரு சிறு கொட்டில். உடைத்தெறிந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி, இடையிடையே வண்ணக் கண்ணாடிப் புட்டிகளைப் பதித்து, பழைய சாலைப் பலகைகளைக் கூரையாக்கி, 150 டாலருக்கும் குறைவான செலவில் ஒரு மாணவர் கட்டியது. வெயில் சாய்கையில் புட்டிகள் வழியே நிறங்கள் உள்ளே விழுகின்றன. மீன் புகையூட்ட நிறம் வேண்டுமா என்றால், வேண்டாம். அந்த வேண்டாததைத்தான் நாம் கலை என்கிறோம்.

மாக்பியின் நிலைப்பாடு இதில் ஐயத்துக்கு இடமற்றது. ஏழைக்கு மழை புகாத, குளிர் புகாத கூரை மட்டும் போதும் என்பதை அவர் ஏற்கவில்லை. அந்தக் கூரை மனிதரை நிமிரச் செய்யும் அழகோடும் இருக்க வேண்டும் என்றார். நம்மிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. பசித்தவன் முன் அழகு பேசாதே என்பது. முற்போக்குக் கவிஞர் பலர் இதனை வேதமாகவே கொண்டனர். நான் இதில் மாக்பியின் பக்கம். ஏழைக்கு அழகு பின்னால் வரட்டும் என்று சொன்னவர்கள் யாரும் அந்தப் 'பின்னால்' வரும்வரை காத்திருந்து அதனைக் கொடுத்ததாக நான் அறியேன்.

அடுத்தடுத்து வந்த மாணவர்கள், பிறர் கழித்த பொருளில் தம் சொல்வளத்தைக் கண்டனர். 1995இல் சாயர்வில் என்னும் இடத்தில், சுமார் ஆயிரம் பழைய டயர்களில் மண்ணை இடித்து நிரப்பி ஒரு சிறு தேவாலயம் எழுப்பினர். 1997இல் எழுந்த ஒரு வீட்டின் கூரை, பறக்க விரித்த இரு சிறகுகள்போல் நின்று மழைநீரைத் தொட்டிக்குச் சேர்த்தது. 2000த்தில் மேசன்ஸ் பெண்டில் ஊர்ப் பொதுக்கூடம். திமிசு போட்டு இறுக்கிய மண்சுவர். அதன் மேல் மீனின் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படியும் கண்ணாடிக் கூரை. சிகாகோவில் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்த செவர்லே கார்களின் முன்கண்ணாடி 80ஐ, 120 டாலருக்கு வாங்கி வந்து பொருத்தினர். 2002இல் ஒரு குடும்பத்துக்கு எழுந்த வீட்டின் சுவர், அலுவலகங்களில் கழித்த 72,000 தரைவிரிப்புத் துண்டுகளின் அடுக்கு. இவ்விடத்தில் கவிஞர்கள் மகிழ்வீர்கள் என்று தெரியும். அகராதி ஒதுக்கிய சொல்லை எடுத்துக் கவிதையில் பொருத்துவதற்கும் இதற்கும் உறவு உண்டுதான். ஆனால் அங்கேயே ஒரு முள்ளும் இருக்கிறது.

பிறர் கழித்த பொருளால் ஏழைக்கு வீடு கட்டுவது அழகிய சிந்தனை. அதே மாணவர் நாளை ஒரு வங்கி அதிபருக்கு வீடு கட்டும்போது டயரைப் பரிந்துரைப்பாரா? புதிய பொருளை, புதிய முறையைச் சோதித்துப் பார்க்க ஏழையின் வீடே ஏன் சோதனைச்சாலையாக வேண்டும்? இக்கேள்வியைத் திறனாய்வாளர்கள் கேட்டனர். கேட்டது சரியே. பெயர் பரவியதும் பல நாடுகளிலிருந்து கட்டடக்கலை மாணவரும் ஆசிரியரும் கேமராவோடு மேசன்ஸ் பெண்டுக்கு வரலாயினர். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற கண்காட்சியில் ரூரல் ஸ்டுடியோவின் படைப்புகள் இடம்பெற்றன. 1936இல் எவன்ஸ் வந்தபோதும் கேமரா வந்தது. அப்போது கந்தலைப் படமெடுத்தனர், இப்போது கலையைப் படமெடுக்கின்றனர். திண்ணையில் அமர்ந்திருந்தவர் இரண்டு முறையும் படத்துக்குள்ளேதான் இருந்தார். மேலும், கட்டியவை எல்லாம் நிலைக்கவும் இல்லை. ஒரு வீட்டுக்கு, அதைத் தன்னுடையதென்று பேணும் ஒருவர் உண்டு. பொதுக்கூடத்துக்கு யார்? மாணவர் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். தொடக்க காலத்தில் எழுந்த பொதுக் கட்டடங்களில் சில கவனிப்பாரின்றிச் சீர்குலைந்தன. கண்ணாடிக் கூரையின் படம் நூல்களில் இன்றும் புதிதாகவே மின்னுகிறது.

மாக்பி 2000த்தில் மக்கார்தர் நல்கை பெற்றார். 2001 டிசம்பர் 30இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரீயர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் மேற்சொன்ன முள் தைத்தது என்றே கருதுகிறேன். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ஓர் அற்புத வீடு என்றால், வரிசையில் நிற்கும் மற்றக் குடும்பங்களின் கதி என்ன? கவிதைக்கு இக்கேள்வி எழுவதில்லை. ஒரு கவிதை ஒன்றாக இருப்பதே அதற்குப் பெருமை. வீட்டுக்கு அப்படியன்று.

2005இல் 'இருபதாயிரம் டாலர் வீடு' என்னும் முயற்சி தொடங்கியது. தொகையை அவர்கள் தேர்ந்தவிதம் எண்ணத்தக்கது. அரசு தரும் சிறு உதவித்தொகையை மட்டும் நம்பி வாழும் ஒருவர் மாதந்தோறும் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று முதலில் கேட்டனர். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வீட்டின் விலைக்கு வந்தனர். பொருளுக்கு ஏறத்தாழ 12,000. கட்டும் உள்ளூர்க் கொத்தனார் தச்சர் கூலிக்கும் ஆதாயத்துக்கும் 8,000. மாணவர் கட்டும் இலவச உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஊர்ப்புற ஏழைகளுக்கு அதுவரை இருந்த மாற்று, சக்கரத்தின்மேல் வந்து இறங்கும் டிரெய்லர் வீடு. வாங்கிய நாள் முதல் பழைய கார்போல் விலை இறங்கிக்கொண்டே போவது அது. நிலத்தில் நிலைத்து நிற்கும் வீடோ மக்களுக்கு விட்டுச்செல்லும் சொத்து.

ஆண்டுதோறும் ஒரு குழு முந்தைய ஆண்டு வரைபடத்தைக் கையிலெடுத்து ஆணி ஆணியாகக் குறைத்தும் திருத்தியும் வந்தது. கழிப்பறையை எங்கு வைத்தால் ஒரு குழாய் மிஞ்சும், இரண்டு அறைகளுக்கு ஒரு கணப்பு போதுமா என்பன போன்ற கேள்விகள். கார்க் கண்ணாடியும் வைக்கோலும் மறைந்தன. எந்தக் கடையிலும் கிடைக்கும் மரச்சட்டமும் தகரமும் வந்தன. திண்ணை மட்டும் வெட்டப்படவில்லை. வீட்டுக்கு முதலில் குடியேறியவரின் பெயரையே வைத்தனர். புகைப்படத்துக்கு இவை முன்னவற்றைப்போல் எடுப்பாக இல்லை. எனக்கு இவையே உயர்ந்த கலையாகத் தோன்றுகின்றன. பாடம் கேட்டுத் திருத்தப்பட்ட யாப்புப்போல, பலர் கைபட்டுத் தேறியவை.

ஆனால் வீட்டைச் சுருக்கிவிடலாம். வங்கியைச் சுருக்க முடிவதில்லை. சிறு கடனுக்கும் பெருங்கடனுக்கும் வங்கிக்கு ஆகும் வேலை ஒன்றே. ஆதலால் இவ்வளவு சிறிய கடன் கொடுப்பதில் அதற்கு ஆதாயம் இல்லை. குறைந்த அளவு இத்தனை சதுர அடி இருந்தால்தான் வீடு என்று விதிக்கும் ஊராட்சிகளும் உண்டு. ஏழைக்கு வீடு கட்டக் கற்ற மாணவர்கள், விதிகளையும் கடன் பத்திரங்களையும் படிக்க வேண்டியதாயிற்று. 2016இல் இந்த வீடுகளில் இரண்டை வணிக முறையில் கட்டிப் பார்த்தனர். எங்கே என்கிறீர்கள்? அண்டை மாநிலமான ஜார்ஜியாவில் செரன்பி என்னும் செல்வர் குடியிருப்பில், அங்கு வந்து தங்கும் கலைஞர்களுக்காக. ஏழைக்கென்று கண்டறிந்த சிக்கனம் கவிஞர் தங்கும் குடிலாயிற்று. சிரிப்பதா, வருந்துவதா என்பதை நம் வட்டத்தின் முடிவுக்கு விடுகிறேன்.

கட்டடக்கலை மாணவர் என்றதும் இன்னொருவரையும் சொல்லாமல் போக மனமில்லை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் படித்த அன்னா ஹேரிங்கர், பத்தொன்பது வயதில் வங்காளதேசத்து ருத்ராபூர் என்னும் சிற்றூரில் ஓராண்டு தொண்டு செய்தவர். பின்னர்த் தம் பட்டத்துக்கான ஆய்வாக அவ்வூருக்கே ஒரு பள்ளியை வரைந்தார். 2005இல் அது எழுந்தது. 2007இல் ஆகா கான் விருது பெற்றது. கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண், மேல்தளம் மூங்கில். மண்ணை மாடுகள் மிதித்துப் பதப்படுத்தின. மண்வீடு என்றால் ஏழைமையின் அடையாளம், செங்கல் வந்தால்தான் மதிப்பு என்பது அவ்வூரார் எண்ணமும். நம் ஊரார் எண்ணமும் அதுவே. ஆனால் சிமெண்டுக்குக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டு வெளியே போகும். மண்ணுக்குக் கொடுக்கும் கூலி ஊருக்குள்ளே சுற்றும் என்பது ஹேரிங்கரின் கணக்கு. கட்டி முடித்தபோது ஊரில் ஒரு பள்ளி நின்றது. அதோடு, மேம்பட்ட முறையில் மண்சுவர் எழுப்பத் தெரிந்த கைகளும் ஊரிலேயே தங்கின. ஹேல் மாவட்டத்தில் மாணவர் கை கற்றது; ருத்ராபூரில் ஊரார் கையும் கற்றது. இந்த வேறுபாடு சிறிதன்று.

நம் பக்கம் வருகிறேன். குடிசை நம் புதுக்கவிதையில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடே எழுதலாம். சிலர் எழுதியும் இருக்கக்கூடும். ஒழுகும் குடிசை, எரியும் குடிசை, நிலவு எட்டிப் பார்க்கும் குடிசை. எல்லாம் கண்ணீரின் குறியீடு. அந்தக் குடிசையில் இருக்கும் பெண், தனக்குச் சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று சொன்னதாக ஒரு கவிதை? அடுப்பு மேடை தன் இடுப்பு உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டதாக ஒரு கவிதை? மிக அரிது. நாம் அவளைப் பார்த்தோம், அவளிடம் கேட்கவில்லை. தலித் எழுத்தும் பெண்ணெழுத்தும் வந்த பின்னர், கேட்கவேண்டிய தேவையின்றி அவர்களே சொல்லத் தொடங்கினர். அதனாலேயே அவை நம் மரபுக்குப் புதியவை ஆயின.

சொல்லாமல் விட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. ரூரல் ஸ்டுடியோவின் இருப்பிடம் நியூபர்ன் என்னும் சிற்றூர். மக்கள்தொகை இருநூறுக்கும் குறைவு, பெரும்பான்மையோர் கருப்பினத்தவர். 2004இல் மாணவர்கள் அவ்வூருக்குத் தீயணைப்பு நிலையம் கட்டித் தந்தனர். நூறாண்டுகளுக்கும் மேலாக அவ்வூர் காணாத புதிய பொதுக்கட்டடம் அது. பின்னர் அதன் பக்கத்திலேயே ஊர்மன்றக் கட்டடத்தையும் மாணவர்களே கட்டினர். கனத்த மர உத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுவராக்கிய, முற்றத்தோடு கூடிய அழகிய கட்டடம். ஊரார் கூடிப் பேசுவதற்கென்று கட்டப்பட்டது.

2020இல் பேட்ரிக் பிராக்ஸ்டன் என்பவர் அவ்வூரின் மேயர் பதவிக்கு மனுச் செய்தார். வேறு யாரும் செய்யவில்லை. ஆதலால் அவரே மேயரானார். நியூபர்னின் முதல் கருப்பின மேயர். அவர் நெடுநாள் அதே தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலராகத் தீ அணைத்தவர். பல பத்தாண்டுகளாக அவ்வூரில் தேர்தல் என்பதே நடந்ததில்லை. பதவி கைமாறிக் கைமாறி வந்தது. முந்தைய மன்றத்தார் தனியே கூடித் தங்களைத் தாங்களே மீண்டும் நியமித்துக்கொண்டனர் என்றும், ஊர்மன்றக் கட்டடத்தின் பூட்டு மாற்றப்பட்டுத் தான் உள்ளே செல்ல முடியாமற் போயிற்று என்றும் பிராக்ஸ்டன் நீதிமன்றத்தில் முறையிட்டார்.

மாணவர்கள் அந்தக் கதவுக்கு எவ்வளவு சிந்தித்திருப்பார்கள்! மரத்தின் வகை, கீலின் எடை, திறந்தால் முற்றத்தின் ஒளி எப்படி உள்ளே வர வேண்டும் என்பதெல்லாம். கொலம்பியாவில் இரண்டு கதவு வைத்த வரைபடத்தை எதிர்த்து மாணவர் சிறை சென்றனர். நியூபர்னில் எல்லார்க்கும் ஒரே கதவுதான் வரையப்பட்டது. பூட்டை யாரும் வரைவதில்லை.

பூசல் நான்காண்டு நீடித்தது. 2024இல் உடன்பாடு ஏற்பட்டு, பிராக்ஸ்டன் மேயராக ஏற்கப்பட்டார். முறையான தேர்தல் நடத்தவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2025 ஆகஸ்டில் நடந்த அத்தேர்தலில் ஊரார் வாக்களித்து அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஊர்மன்றமும் தீயணைப்பு நிலையமும் அவ்வூரில் அருகருகே இருக்கின்றன.